கழுவிய தாள்கள்

சுவிஸின் டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவியவர் அவர். வெந்நீரில் வெளுத்த விரல்கள். எதையும் மேசையில் வைக்குமுன் அந்த இடத்தைத் துடைத்துவிடுவார். நான் ஓய்வுபெற்ற வங்கிக்காரன் என்று கேள்விப்பட்டு, இருபது வருடமாகச் சேர்த்த பழைய ஐரிஷ் பவுண்டுப் பணத்தாள்களுடன், நான் இருக்கும் ஊஸ்டருக்கு என்னைத் தேடி வந்தார். பாசலில் நடக்கும் சேகரிப்பாளர் சந்தையில் அவற்றை விற்க மேசையும் வாடகைக்கு எடுத்துவிட்டாராம்.

தாள்கள் பளிச்சென்று இருந்தன. ஒன்றைத் தடவினேன். வழவழவென்றிருந்தது.

“கழுவினியளோ?”

“ஓம் அண்ணை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, அயன் பண்ணினனான். வடிவா இருக்கெல்லோ?”

“செதுக்கின தகட்டில மை பூசி, தாளை வைச்சு அழுத்தித்தான் காசு அடிக்கிறவை. அதால மை மேல எழும்பி நிக்கும். சேர்க்கிறவை முதல்ல அதைத்தான் தடவிப் பாப்பினம். நீங்கள் அதைத் தட்டையாக்கிப் போட்டியள். சந்தையில சிரிப்பினம்.”

தாளை வாங்கி, என் விரல் பட்ட இடத்தைச் சட்டை நுனியால் துடைத்தார்.

“அப்ப மேசை வேண்டாமெண்டு சொல்லட்டோ?”

“சொல்லுங்கோ.”

அயர்லாந்தின் மத்திய வங்கி பழைய தாள்களை இன்றும் அவற்றின் பெறுமதிக்கு யூரோவாக மாற்றித் தரும். அதற்கான படிவமும் எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போகுமுன், தான் தேநீர் குடித்த கோப்பையோடு என்னுடையதையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.