கருப்பட்டிப் பானையில் கிடந்த சீட்டுகள்

இன்று மார்த்தாண்டம் சந்தையில் ஒருத்தி கருப்பட்டி உடைத்தபோது எழுந்த வாசம், இப்போது மேம்பாலம் ஓடும் இடத்தில் முன்பு நின்ற எங்கள் ஓலைக்கூரை வாடகை வீட்டுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது.

காற்றடித்தால் சரசரக்கும் அந்த வீட்டை இடித்துக் கடை கட்ட நினைத்த வீட்டுச் சொந்தக்காரர், அம்மா மாதாமாதம் நீட்டிய வாடகையை வேண்டுமென்றே வாங்காமல் இருந்துவிட்டு, வாடகை பாக்கி, வீட்டைக் காலி செய் என்று வக்கீல் நோட்டீஸ் விட்டு, வழக்கும் போட்டார். அம்மாவோ அவர் மறுத்த முதல் மாதமே மணியார்டர் அனுப்பத் தொடங்கியிருந்தாள். 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதித் திருப்பிய ஒவ்வொரு சீட்டையும், அடிக்குப் பயந்து பிள்ளைகள் நாங்கள் யாரும் கைவைக்காத கருப்பட்டிப் பானைக்குள் போட்டுவைத்திருந்தாள்.

கோர்ட்டில் குமாஸ்தா, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த சீட்டுகளை நகத்தால் பிரித்துப் பிரித்து உரக்க வாசிக்க, அந்தக் கூடமே கருப்பட்டியாய் மணத்தது. வழக்கு தள்ளுபடி!

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வீட்டுச் சொந்தக்காரரே எங்கள் வாசலில் வந்து கைநீட்டினார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கவில்லை.

"இரியும் அண்ணாச்சி, முதல்ல ரசீது எழுதும். ஏட்டி, அண்ணாச்சிக்குப் பேனா எடுத்துக் குடு."

மைக்கூட்டையும் பேனாவையும் தூக்கிக்கொண்டு நான் ஓடிவந்த ஓட்டம் இருக்கிறதே!