நான்கு காலத்துக்குமான டயர்

டயர் கடையில் என் சித்தப்பாவிடம் நான் பொய் சொன்னேன். கடைக்காரர் இத்தாலிய மொழியில் சொன்னதைத் தமிழில் வேறாக மாற்றிச் சொன்னேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சிறுபிள்ளை தெரியாமல் செய்தது என்று என் மனைவி எனக்காகச் சமாதானம் சொல்லுவாள். தெரியாமல் செய்யவில்லை. தலை நரைத்த பிறகாவது அதை ஒழுங்காக எழுதி வைக்கவேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில், இடிந்த மாளிகை ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளில் இருந்தோம்: அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தியும் அவர்களுடைய ஆறு வயது மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே சித்தப்பா புறப்பட்டு வந்துவிட்டார். அவர்களைக் கூப்பிடுவதென்றால் நிரந்தர வேலையும் தனி வீடும் காட்டவேண்டும் என்று குவெஸ்தூராவில், வெளிநாட்டவரின் தாள்களைப் பார்க்கும் பொலிஸ் கந்தோரில், சொல்லிவிட்டார்கள். அதை அவருக்குத் தமிழில் சொன்னவனும் நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் அந்த மொழி படித்தவன் நான் ஒருவனே. டாக்டரிடமும் தபாற்கந்தோரிலும் பெரியவர்கள் என்னை முன்னால் விட்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

அந்த மார்கழியில் சித்தப்பாவுக்கு ஒரு வழி திறந்தது. லிபெர்த்தா வீதியில் அவர் வேலை செய்த வீட்டின் எசமானிக்கு, சிஞ்ஞோராவுக்கு, மலைக்கிராமம் ஒன்றில் ஒரு தமக்கை இருந்தாள். கிழமைக்கு ஒருமுறை சிஞ்ஞோராவை அங்கே காரில் கூட்டிப்போக ஆள் வேண்டும். சொந்தக் கார் இருந்தால் நிரந்தர ஒப்பந்தம், இருக்க இரண்டு அறை. சித்தப்பா ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். டயர்கள் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தன.

எந்த டயர் போடுவது என்பது எங்கள் வீட்டில் ஒரு கிழமைப் பேச்சு. நகரத்தில் பனி விழுவதில்லை, மலையில் விழும். கோடை டயர் மலையில் வழுக்கும். குளிர்கால டயர் என்றால் வருடத்துக்கு இரண்டு தரம் கழற்றி மாட்டவேண்டும். கடைசியில் பக்கத்து ஊரான பகேரியாவில் கார் உடைக்கும் இடமொன்றில், எல்லாக் காலத்துக்கும் ஓடும் டயர் நான்கு, அதிகம் தேயாதவை, சித்தப்பாவுக்குக் கிடைத்தன.

“வெயிலுக்கும் இதுதான், பனிக்கும் இதுதான். சிஞ்ஞோராவுக்குச் சமையலுக்கும் நான்தான், சாரதியும் நான்தான். என்னைப் போலை ரயர்,” என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையைப் பழகப் போவதாகவும் என்னையும் கூட்டிப்போய்ப் பனி காட்டுவதாகவும் சொன்னார்.

பனி பார்த்திருக்கிறேன் என்று வகுப்பில் நான் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தேன். பெடியன்கள் நம்பவில்லை. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வரும்போது ஒரு பெட்டியில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சபதம் போட்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் டயர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த கடைக்குப் போனோம். கடைக்காரர் பருத்த மனிதர், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. டயரில் இருந்த இலக்கத்தையும் காரின் பதிவுப் புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைக்கு விளங்கும்படி ஆறுதலாகச் சொன்னார். டயர் நல்லதுதான். ஆனால் இந்தக் காருக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் அளவை விட அகலம். திருப்பும்போது உள்ளே உரசிக் கிழியலாம். இதோடு போய் யாரையாவது இடித்தால், இன்சூரன்ஸ் அவனுக்குப் பணம் கொடுத்துவிட்டு அவ்வளவையும் உன் சித்தப்பாவிடம் திருப்பிக் கேட்கும். செவ்வாய்க்கிழமை சரியான அளவில் இதே வகை டயர் வரும். அதுவரை பொறுக்கச் சொல்.

செவ்வாய் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பனி இல்லை.

“என்னவாம், தம்பி?”

“நல்ல ரயராம், சித்தப்பா. கொஞ்சம் அகலமாம். அதாலை றோட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்குமாம்.”

“அசிகுராசியோனே எண்டு ஏதோ சொன்னவர்?” இன்சூரன்ஸைக் குறிக்கும் அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும்.

“அதுக்கும் ஒரு பிரச்சினையும் இல்லையாம்.”

எல்லாவற்றையும் சொன்னாயா என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன் என்றேன். அவருக்கு விளங்கியதா என்றார். நான் திரும்பி, “சித்தப்பா, ஓம் எண்டு தலையாட்டுங்கோ,” என்றேன். சித்தப்பா சிரித்த முகத்தோடு தலையாட்டினார். கடைக்காரர் பெருமூச்சு விட்டார். பற்றுச்சீட்டின் அடியில், ஆபத்தைச் சொல்லிவிட்டேன், வாடிக்கையாளர் தன் விருப்பப்படி மாட்டுகிறார் என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்து வைக்கும் இடத்தை விரலால் காட்டினார்.

“இதென்ன?”

“பில்லுக்கு, சித்தப்பா.”

அவர் தமிழில், வட்ட வட்டமாகக் கையெழுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மலையில் பனி பார்த்தேன். பாதையோரத்தில் சேறு கலந்து கிடந்தது. சாப்பாட்டுப் பெட்டியை நிரப்பி மடியில் வைத்துக்கொண்டேன். இறங்கும்போது மழை. ஒரு கொண்டையூசி வளைவில், முன்பக்கத்திலிருந்து கொஞ்ச நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்த உரசல் சத்தம் வெடியாக மாறியது. கார் இழுபட்டு, எதிரே விறகு ஏற்றிவந்த மூன்று சக்கர வண்டியில் மோதியது. வண்டிக்காரக் கிழவர் தெருவில் கிடந்து கத்தினார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சித்தப்பா மழையில் முழங்காலில் நின்று, தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தினார். நான் முதலில் பார்த்தது என் பெட்டியைத்தான். மூடி திறக்கவில்லை. சந்தோஷப்பட்டேன்.

மூன்று மாதம் கழித்து, கிழவருக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்சூரன்ஸிலிருந்து பதிவுத்தபால் வந்தது. கடைக்காரர் சொன்ன அதே விஷயம், அச்சில். சித்தப்பா என்னிடம்தான் நீட்டினார். “பிழையான ரயர் பூட்டியிருக்காம். கடைக்காரன்தான் பிழை விட்டவன் போலை,” என்றேன்.

அவர் என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். வாசலிலேயே தமிழில் கத்தினார். கடைக்காரர் உள்ளே போய்ப் பற்றுச்சீட்டின் பிரதியை எடுத்துவந்தார். இன்சூரன்ஸ்காரர் ஏற்கெனவே வந்து அதைப் பார்த்துக் குறித்துப் போயிருந்தார். கடைக்காரரும் கத்தினார், ஒரு கையால் என்னைக் காட்டிக்கொண்டு. சித்தப்பா தன் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் கை யாரைக் காட்டுகிறது என்று பார்த்தார்.

“என்ன சொல்லுறார்?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“நீங்கள் கையெழுத்து வச்சனீங்களாம்.”

“ஓம். வச்சனான்தான்.”

வீட்டில் அப்பா கேட்டபோதும் அதையே சொன்னார். “நான்தான் அண்ணை, பாக்காமல் கையெழுத்து வச்சிட்டன்.” எனக்கு அடி விழவில்லை. அதற்குப் பிறகு சித்தப்பா எதற்கும் என்னைக் கூட்டிப் போகவில்லை. கோயிலில் பழக்கமான ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிப் போவார். எனக்குச் சனிக்கிழமைகள் மிஞ்சின. சதுக்கத்தில் பந்து விளையாடினேன். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

சிஞ்ஞோரா வேறு சாரதியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு அறையும் போயிற்று. அடுத்த ஆறு வருடங்கள் சித்தப்பாவின் உழைப்பு அந்தக் கடிதத்துக்கே போனது. அதற்குள் யாழ்ப்பாணத்தில் சண்டை முற்றி, சித்தி மகளோடு வன்னிக்கு இடம்பெயர்ந்தார். அங்கே மலேரியாவில் இறந்துபோனார். செய்தி வந்த அன்று சித்தப்பா வேலைக்குப் போய், வழக்கமான நேரத்துக்குத் திரும்பினார். மகளைச் சித்தியின் தமக்கை வளர்த்தார்.

படித்து, நான் வெளிநாட்டவருக்குத் தாள்கள் நிரப்பிக் கொடுக்கும் கந்தோர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் கடிதங்களோடு என்னிடம் வருவார்கள். மகளைக் கூப்பிடும் அலுவலை நானே செய்கிறேன் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். “உனக்கேன் கரைச்சல்,” என்றார். அதே கந்தோரில் வேறொருத்தியிடம் வரிசையில் நின்று செய்வித்தார். மகள் வந்தபோது பதினாறு வயது. விமான நிலையத்தில் இருவரும் புதிய ஆட்களைப் போலக் கைகொடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒருநாள் அவருடைய குசினியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, பனி, பெட்டி, எல்லாம். முடிந்ததும், “தேத்தண்ணி ஆறுது, குடி,” என்றார். குடித்தேன். மன்னித்துவிட்டார் என்று எண்ணி இலேசான மனதோடு படியிறங்கினேன்.

பல வருடங்களுக்குப் பிறகு அவருக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. கட்டிலருகில் நான்தான் இருந்தேன். டாக்டர் சம்மதத் தாளையும் பேனையையும் கொடுத்தார். வாசித்துச் சொல்ல நான் கையை நீட்டினேன்.

“பிள்ளை வரட்டும்,” என்றார்.

மகள் வீடு துடைக்கும் வேலை முடித்து வர இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. அவள் அறிந்த இத்தாலிய மொழி சமையலறைகளில் கற்றது. தாளை விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஒரு சொல்லில் நின்றுபோய், என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தச் சொல் தெரியும். வாயைத் திறந்தேன்.

“நீ சொல்லு, பிள்ளை,” என்றார் சித்தப்பா, மகளை மட்டும் பார்த்து. “தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லு.”

“தெரியேல்லை, அப்பா,” என்றாள்.

அவர் தலையாட்டினார். பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.