அத்தையின் சந்திரிகை

நேற்று சாயங்காலம் பட்டுப்புழு வளர்க்கும் மனையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, சுவரோரம் சாய்ந்திருந்த மூங்கில் சந்திரிகையைக் காட்டிப் பெரியவள் கேட்டாள்: "அப்பா, இத ஒடச்சி அடுப்புக்குப் போட்டுரலாமா? எல்லார் வூட்லயும் பிளாஸ்டிக் வலை வந்துருச்சி. நம்ம வூட்ல மட்டும் இந்தக் குப்பை எதுக்கு?" சின்னவனும் ஆமாம் போட்டான். வாயால் பதில் சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் பாதியிலேயே எழுந்து ஓடிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சந்திரிகை என்றால் உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பட்டுப்புழு தழை தின்று முடித்துப் பழுத்ததும், கூடு கட்டுவதற்காக அதை எடுத்து விடுகிற மூங்கில் தட்டிதான் சந்திரிகை. நிமிர்த்தி வைத்தால் ஆள் உயரம் இருக்கும். பாயின் மேல் மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாக நிறுத்திக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு புழுவும் அந்தச் சுருளுக்குள் ஓர் இடம் பிடித்துக் கூடு கட்டும். எங்கள் அப்பா காலத்தில் தர்மபுரி இண்டூர்ப் பக்கம் எந்த வாசலைப் பார்த்தாலும் இது வரிசையாகச் சாய்ந்திருக்கும். உங்கள் அத்தை சிறுபிள்ளையாக இருந்தபோது அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். (அவள் எனக்குத் தங்கை, அதனால் நான் அவள் என்றுதான் எழுதுவேன். நீங்கள் அவங்க என்றே சொல்லுங்கள்.) பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினாலும் சரி, மார்க் குறைந்தாலும் சரி, அங்கேதான். எங்கள் அம்மா இந்தப் பக்கம் நின்று கூடு பறித்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பார். அவள் அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் சொல்லி அழுவாள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் ஒரு வார்த்தை வராது.

அவள் உளவியல் படிக்கச் சேலம் போனாள். பிறகு மனநோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கிற பயிற்சிக்காகப் பெங்களூர் போனாள். அந்தப் படிப்புக்கு மருத்துவ உளவியல் என்று பெயர். ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. எங்கள் மாமன், அம்மாவுடன் பிறந்தவர், எல்லோரிடமும் "பாப்பா பைத்தியத்துக்குப் படிக்குது" என்று சொல்லி வைத்தார். அவள் வருத்தப்படவில்லை. "மாமா, மொத பேஷண்ட்டுக்கு ஒரு சீட்டு உங்க பேர்ல போட்டு வெச்சிருக்கறன்" என்பாள்.

பயிற்சி முடிகிற சமயம் ஒருமுறை வந்தபோது அவள் முகம் சரியில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்: "அண்ணா, நம்ம பக்கத்து ஆளுங்க அங்க நெறய வர்றாங்க. ஒரு தடவ வர்றாங்க, நல்லா பேசறாங்க. அப்புறம் ஆளையே காணோம். ஒரு நாள் வேலையை வுட்டுட்டு அவ்ளோ தூரம் வரணும். வந்தாலும் தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துடுவாங்கன்னு பயம். நாங்க உள்ள உக்காந்து நல்லாத்தான் பாக்கறோம். ஆளு எங்ககிட்ட வந்து சேர மாட்டேங்குது."

அவளோடு படித்தவர்கள் எல்லோரும் நேராக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தார்கள். அவளுடைய ஆசிரியர்களும் அதையே சொன்னார்கள். அவளோ எம்.பி.ஏ. படிக்கப் போவதாகச் சொன்னாள். மாமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்பாடா, இப்பத்தான் பாப்பாவுக்கு புத்தி வந்துச்சி!"

"கடை ஏன் ஓடலைன்னு கண்டுபுடிக்கற படிப்பு மாமா அது. எங்க கடை ஓடல. அதான் போறன்."

கோயம்புத்தூரில் படித்து முடித்தாள். கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆட்களைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு. சீசனில் பெண்கள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள், சோம்பேறிகள் என்று மேலே இருந்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். இவள் ஒருநாள் அந்தப் பெண்களோடு கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்தாள். வேன் அவர்களை ஊருக்கு வெளியே, புளியமரத் திருப்பத்தில், பொழுது இறங்கிய பிறகு இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அங்கிருந்து இருட்டில் நடக்க வேண்டும். வேனை ஊருக்குள் போகச் செய்தாள். அதன் பிறகு யாரும் வேலையை விட்டு நிற்கவில்லை. அன்று போனில் அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. "ஆளு வரலைன்னா ஆளைத் திட்டாத, வழியைப் பாரு. அவ்ளோதாண்ணா எம்.பி.ஏ." என்றாள்.

கம்பெனியில் நல்ல பெயர் எடுத்து, மேலே ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வேலையை விட்டாள். மறுபடியும் பெங்களூரில் மருத்துவ உளவியலுக்கே விண்ணப்பித்தாள், இந்த முறை முனைவர் பட்டத்துக்கு. நேர்முகத் தேர்வில் இருந்த பேராசிரியர்கள், "இத்தனை வருஷம் வியாபாரம் பக்கம் போய்விட்டு இப்போது ஏன் வருகிறாய்?" என்று கேட்டார்களாம். அவள் தன் திட்டத்தைச் சொன்னாள். தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு விவசாயிகள் காலையிலேயே கூட்டைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, ஏலத்துக்காகக் காத்திருப்பார்கள். காத்திருப்பதைத் தவிர அவர்களுக்கு அங்கே வேறு வேலை இல்லை. அந்த நேரத்தில், அந்த இடத்திலேயே சிகிச்சை. அவர்களில் ஒரு பெரிய பேராசிரியர் தலையை ஆட்டினார். "சந்தையில் எவன் மனதைத் திறப்பான்? முதலில் ஆள் வருகிறார்கள் என்று காட்டு. அடுத்த சேர்க்கையில் பார்க்கலாம்." வேலையும் கையில் இல்லை, இடமும் கையில் இல்லை. ஊர் வாய்க்கு நல்ல தீனி.

மார்க்கெட்டில் அனுமதி வாங்கி, புதன்கிழமைதோறும் ஒரு மூலையில் மேசை போட்டாள். மேலே பெரிய பேனர்: 'மனநல ஆலோசனை, இலவசம்'. அவ்வளவு படித்தவள் செய்த பிழை அதுதான். பேனரைப் பார்த்த சனம் டீக்கடைக்குக்கூட அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனது. வாரம் போனதே தவிர, நாற்காலி காலியாகவே கிடந்தது. கூடு விற்க வந்த மாமன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏம் பாப்பா, அந்தச் சேர்ல ஒருத்தன் ஒக்காந்தான்னா, நாளைக்கு அவன் பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மேசையை எடுத்து, நாங்கள் கூடு ஏற்றிவந்த டெம்போவில் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புழு மனைக்குள் போனாள். நான் தழை நறுக்கிக்கொண்டிருந்தேன். சந்திரிகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, எதுனா பேசேன்."

"என்னத்தப் பேசறது?"

"எதுனா."

முதலில் தழை விலை, மழை என்று ஆரம்பித்தேன். எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை, எங்கள் அம்மா தவறிப்போன அன்றைக்கு வந்து நின்றேன். உங்கள் அம்மாவிடம்கூட நான் சொல்லாதது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கமிருந்து நடுவில் ஒரு "உம்" மட்டும் வரும். முடித்தபோது என் சட்டைக் கை ஈரமாக இருந்தது. அவள் எழுந்து வந்து, சந்திரிகையைத் தட்டிப் பார்த்து, "வர்ற புதன்கிழமை இத டெம்போல ஏத்துண்ணா" என்றாள்.

பேனர் போனது. கூடு மார்க்கெட்டில் சந்திரிகை சாய்ந்திருப்பதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. உங்கள் அம்மா, "அந்தத் தட்டி ஓரம் நெழலா இருக்குதுங்க, ஒக்காருங்க. பேசறதுன்னாலும் அந்தப் பக்கம் எங்க நாத்தனா இருக்குது" என்று மட்டும் வருகிறவர்களிடம் சொல்லி வைத்தாள். முதல் நாள், புழு முழுக்க நோயில் போன ஒரு விவசாயி வந்து தட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் அத்தை இன்றுவரை ஒருவர் பேச்சையும் வீட்டில் சொன்னதில்லை. அதிலிருந்து ஒவ்வொரு புதனும் அந்த நாற்காலிக்கு ஆள் இருந்தது.

சேர்க்கை நெருங்கியபோது அந்தப் பெரிய பேராசிரியரே பெங்களூரிலிருந்து பார்க்க வந்தார். சந்திரிகையைத் தாண்டி அப்படியும் இப்படியும் நடந்துவிட்டு என்னிடம் வந்து, "கவுன்சலிங் சென்டர் எல்லி, எங்கே இருக்குது?" என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார். நான் கண்ணால் காட்டினேன். அவர் ஆவலில் நேராகப் போய்த் தட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கக் குனிந்தார். அதற்குள் ஒரு கை அவர் முழங்கையைப் பிடித்தது. எங்கள் மாமன்!

"சார், அந்தப் பக்கம் பாக்கக் கூடாதுங்க. பேசணும்னா வரிசையில நில்லுங்க. எங்க பாப்பா எல்லாத்தையும் கேக்கும்."

பேராசிரியர் மாமனைப் பார்த்தார். பின்னால் நின்றிருந்த ஆட்களைப் பார்த்தார். வரிசையின் கடைசியில் போய் நின்றார். தன் முறை வந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தட்டியைப் பார்த்து, "இடம் இருக்கிறதம்மா, வந்து சேர்ந்துகொள்" என்று சொன்னாராம். அவர் அவளிடம் பேசியதில் இந்த ஒன்றை மட்டும்தான் அத்தை எங்களிடம் சொன்னாள். மாமன் எந்தப் புதன்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் யாரோ உங்களிடம், "உங்க அத்தை இன்னுமா படிக்குது? நடுவுல வேற எதையோ படிச்சி வருஷத்த வீணாக்கிருச்சாமே" என்று கேட்டதாகச் சொன்னீர்கள். அந்த வருஷங்களில்தான் அவள் இந்த வழியைக் கண்டுபிடித்தாள் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். சிகிச்சை கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேனில் ஏறி உட்கார்ந்து பார்த்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

பிளாஸ்டிக் வலை நல்லதுதான். கழுவுவது சுலபம், நோய் வராது. நம் வீட்டிலும் புழுவுக்கு இப்போது அதுதான். இந்த ஒரு சந்திரிகையை மட்டும் அடுப்புக்குத் தர மாட்டேன். நடுவில் பட்டை இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது, இன்று காலை கட்டிவிட்டேன். புதன்கிழமை அத்தை வருகிறாள். உங்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு. மார்க்கெட்டில் டெம்போவிலிருந்து இதை இறக்கும்போது பெரியவள் ஒரு முனையைப் பிடி, சின்னவன் ஒரு முனையைப் பிடி. பதமாகச் சாய்த்து வையுங்கள். வைத்ததும், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.