என்ஜின் சூட்டில் குளிர்ந்த பால்

எங்கள் கிணற்றடியில் என்ஜின் சூட்டால் பாலைக் குளிரவைத்தோம் என்று சொன்னால் இன்று என் மருமகளே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அந்தப் புகை வாசனைக்கு நான் ஏங்குவது அவளுக்கு எங்கே தெரியும்!

தொண்ணூறுகளில் அன்னூர்ப் பக்கம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பால் வண்டியோ காலையில் மட்டும்தான். சாயங்காலம் கறந்த பால் விடிவதற்குள் கெட்டுவிடும். வீட்டுக்கு எத்தனை தயிர்தான் ஆகும்?

"ஒரு மாடு போதும் அம்மணி. உன்ற மாட்டை வித்துப்போடலாம்" என்றார் மாமியார். அது என் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்த மாடு.

மில்லில் பிட்டராக இருந்த என் வீட்டுக்காரர், வால்பாறை பங்களா ஒன்றில் வேண்டாமென்று போட்டிருந்த மண்ணெண்ணெய் பிரிட்ஜைத் தூக்கிவந்தார். அடியில் விளக்கு எரிந்தால் உள்ளே குளிரும். தினமும் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? விளக்கைக் கழற்றிவிட்டு, தண்ணீர் இறைக்கும் ஆயில் என்ஜினின் புகைக்குழாயை அந்த இடத்துக்குத் திருப்பிவிட்டார். தக்காளிக்குத் தண்ணீர் பாயப் பாய, வீணாய்ப் போன சூட்டில் பால் சில்லென்று ஆனது. ஊரே வந்து பார்த்தது. மாமியார் மட்டும் மசியவில்லை.

"ஒரு நாள் பால் கெட்டாலும் மாடு சந்தைக்குத்தான்" என்று சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. என்ஜினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை படைத்தோம். பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலை வரை ஓட்டக் கூடாது. நான் வழக்கம்போலப் பாலைக் கறந்து பிரிட்ஜில் வைத்தேன். பொழுது சாய்ந்ததும் திறந்தால் பால் ஊற்றிவைத்த போசி வெதுவெதுவென்று இருந்தது. என்ஜினுக்கு ஓய்வு கொடுத்தால் பிரிட்ஜும் படுத்துவிடும் என்பது அதைச் செய்த மனிதருக்கே உறைக்கவில்லை!

மாமியாரிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நேரே கிணற்றடிக்கு நடந்தார். என்ஜின் முன்னால் கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மாலையைத் தன் கையாலேயே கழற்றினார்.

"அம்மா, பூஜைக்கு வெச்சதுங்களே!" என்று பதறினார் வீட்டுக்காரர்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ கைப்பிடியச் சுத்து கண்ணு. பொறந்த ஊட்டு மாடு போனா இவ மனசு தாங்குமா?"

என்ஜின் சத்தத்தில் நான் விம்மியது யாருக்கும் கேட்கவில்லை. அதற்கப்புறமும் மாமியாரோடு எத்தனையோ சண்டை போட்டேன். மாட்டை விற்கிற பேச்சை மட்டும் அவர் எடுக்கவே இல்லை.