ஒரு விரல் இடைவெளி

என் அண்ணனுக்குத் தெர்மாமீட்டர் என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான். ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்களை நான்கைந்து நாள் காட்டுப் பாதையிலும் மணல்மேட்டிலும் வண்டியில் கூட்டிப்போய், கூடாரம் போட்டுத் தங்கவைத்துத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் பிழைப்பு. தங்கை நான் வண்டி ஓட்டுவேன், அவன் சமைப்பான். கடைகண்ணி எதுவும் இல்லாத இடத்தில், நான்காம் நாள் அடுப்பில் ஏறவேண்டிய கறி நான்காம் நாள் வரை கெடாமல் இருக்கவேண்டும். சமையலில் முக்கால்வாசி அதுதான், மிச்சம் உப்பு காரம் என்பான்.

அவனைப் போல இருப்புக்கொள்ளாத மனுஷனை நான் பார்த்ததில்லை. அரை மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தச் சொல்வான். இறங்குவான், பின்கதவைத் திறப்பான், குளிர்பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டுப் பார்ப்பான், மூடுவான், நாலடி நடப்பான், திரும்பிவந்து மூடியை இன்னொரு தரம் அழுத்துவான். வீட்டிலும் இதே கூத்துதான். "என் மூஞ்சியப் பார்த்ததவிட ஃப்ரிட்ஜுக்குள்ளதான் அதிகம் பார்த்திருக்காரு" என்று அண்ணி சொல்லும்போது எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். எல்லாருக்கும் முன்னால் நிறுத்துவதும் நான்தான்.

ஏனென்றால் அவன் பிறவியிலேயே இப்படியில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும், வண்டி குழியில் விழுந்து எழுந்தாலும் மூட்டைகளின் மேல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினவன் அவன். அவனை இப்படி ஆக்கினது நான்.

அப்போது எங்களிடம் மின்சாரப் பெட்டி கிடையாது, ஐஸ்பெட்டிதான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீர் பாட்டில்களை உறையவைப்பான். பொடி ஐஸ் சீக்கிரம் கரையும், கட்டி ஐஸ் தாங்கும் என்பது அவன் கணக்கு. கறி அடியில், அதன்மேல் பாட்டில்கள், சந்துபொந்தெல்லாம் கசக்கிய செய்தித்தாள், வெளியே ஈரப் போர்வை. ஒரு நாள் ஆற்றைக் கடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் ஒரு ஜூஸ் எடுத்துக் குடித்துவிட்டு மூடியைச் சாத்தினேன். கொக்கியை மாட்டவில்லை. ஐந்து மணி நேரம் கல்பாதையில் குலுங்கிக்கொண்டே போனோம். நல்ல வெயில். போய் இறங்கிப் பார்த்தால், மூடி ஒரு விரல் அளவுக்குத் திறந்து கிடக்கிறது. யாரும் பார்க்கவில்லை. அழுத்தி மூடிக் கொக்கியை மாட்டினேன். அவ்வளவுதான்.

மறுநாள் ஏழு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நான்கு நாள் மருத்துவமனையில் சலைன் ஏறியது, இரண்டாம் நாள் பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. வாசலில் அவருடைய மகள் நின்று அழுதபோது, யாரும் கேட்காமலே அண்ணன் அவள் முன்னால் போய்க் கைகூப்பினான். "என் தப்பும்மா. ஐஸ் கம்மியா வச்சிட்டேன்." நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை வாரமாச்சு, வாரம் வருஷமாச்சு. அவர் பிழைத்துக்கொண்டார். அண்ணன்தான் பிழைக்கவில்லை. ஒரு வருஷம் கரண்டியையே தொடவில்லை. இன்னும் எத்தனை பாட்டில் வைத்திருக்கவேண்டும் என்று சுவரைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தான்.

பிறகு இந்த மின்சாரப் பெட்டியை வாங்கினோம். வண்டியில் இரண்டாவதாக ஒரு பேட்டரி வைத்து அதிலிருந்து ஓடும். எஞ்சின் ஓடினால் பேட்டரி ஏறும், நின்றால் இறங்கும், ரொம்ப இறங்கினால் பெட்டி தானாகவே நின்றுவிடும், ஏறியதும் மறுபடி ஓடும். டிகிரி காட்டும் திரை உடைந்து ஒரு வருஷம் ஆகிறது. அதனால் அண்ணன் ஒரு வேலை செய்தான். ஒரு கிளாஸில் பாதிவரை தண்ணீர் விட்டு உறையவைத்து, ஐஸின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, உறைந்த கறியோடு அதையும் உள்ளே வைத்தான். நடுவில் பெட்டி நின்று ஐஸ் உருகினால் நாணயம் அடியில் போய்விடும். மறுபடி உறைந்தாலும் மேலே வராது. கறி பொய் சொல்லும், காசு சொல்லாது என்றான்.

போன மாதப் பயணத்தில் ஒரு பல் டாக்டரும் அவர் நண்பர்களுமாக எட்டுப் பேர். முதல் நாளே அண்ணனின் ஓட்டத்தைப் பார்த்துக் கேலி ஆரம்பித்துவிட்டது. "பெட்டிக்குள்ள குழந்தை ஏதும் தூங்குதா மாஸ்டர்?" என்றார் டாக்டர். எனக்கு அவர்கள்மேல் வரவேண்டிய கோபம் அண்ணன்மேல் வந்தது.

"நீ திறந்து திறந்து பார்த்தே உள்ள இருக்கிற குளிரெல்லாம் போகுது. பால், காய்கறிக்குச் சின்ன ஐஸ்பெட்டி தனியா இருக்குல்ல? நாளன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் கறிப்பெட்டியத் தொடக்கூடாது. சத்தியம் பண்ணு."

"ரெண்டு நாளா?" அவன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

மறுநாள் முழுக்க ஆற்றங்கரையில் தங்கல். எஞ்சின் ஓடவில்லை. டாக்டரின் நண்பர்கள் பாட்டுப்பெட்டிக்கும் விளக்குக்கும் மின்சாரம் கேட்டார்கள். அதே பேட்டரியில் நான்தான் மாட்டிக்கொடுத்தேன். அண்ணன் நெருப்பின்மேல் நிற்பதுபோல நின்றான். வெங்காயம் நறுக்குவான், எழுவான், வண்டியை ஒரு சுற்று சுற்றுவான், கதவைத் தொடாமல் திரும்பி வருவான். மத்தியானம் என்னிடம் வந்தான்.

"பாப்பா, பெட்டி ஓடுதா? பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே."

நான் மரத்தடியில் படுத்திருந்தேன். எழுந்து போய்க் காதை வைத்துக் கேட்டிருக்கலாம். இருபதடிகூட இருக்காது. "ஓடுதுண்ணா, போய் வேலையப் பாரு" என்றேன்.

அடுத்த நாள் விடியலில் கிளம்பி, நாள் முழுக்க ஓட்டி, சாயங்காலம் நான்கு மணிக்கு அடுத்த தங்கலில் இறங்கினோம். சத்தியத்தின் கெடு முடிந்தது. இறங்கிய வேகத்தில் ஓடிப்போய்த் திறந்தான். கறி கல்லாக உறைந்திருந்தது. எனக்கே நிம்மதி. அப்புறம் அவன் கிளாஸை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நாணயம் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கறிப் பொட்டலங்களை அள்ளி வெளியே வைத்தான், மண்வெட்டியை எடுத்தான்.

டாக்டர் ஒரு பொட்டலத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், கல்லு மாதிரி இருக்கு! இதைப் போய்ப் புதைக்கப் போறீங்களா?"

"நடுவுல உருகியிருக்கு சார். தர மாட்டேன்."

"ரெண்டு நாளா கறி கறின்னு காத்திருக்கோம்யா. கொடுத்த காசைத் திருப்பிக் கேக்கட்டுமா?"

"கேளுங்க சார். உருளைக்கிழங்கு இருக்கு, முட்டை இருக்கு. அதான் இன்னிக்கு."

மேட்டுக்குப் பின்னால் குழி வெட்டினான். நான் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். வெட்டிக்கொண்டே தனக்குத்தானே பேசினான். "ரெண்டே ரெண்டு நாள்தான் பார்க்கல. பார்த்தியா? நான் கண்ணை மூடினா யாராவது சாகணும்னு இருக்கு. இனிமே மூடவே கூடாது."

இதற்கு மேல் என்னால் தாங்கமுடியவில்லை.

"அண்ணா, நேத்து நான் எழுந்து போய்ப் பார்க்கல. படுத்துக்கிட்டேதான் ஓடுதுன்னு சொன்னேன்."

"ம்."

"அது மட்டும் இல்ல. தலைமையாசிரியர் விஷயமும்... ஆத்துல நிறுத்தினப்ப ஐஸ்பெட்டியத் திறந்தது நான். கொக்கி மாட்டல. போய்ச் சேர்ந்தப்ப மூடி திறந்து கிடந்துச்சு. உன்கிட்டச் சொல்லாம மூடிட்டேன்."

மண்வெட்டி நின்றது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எவ்வளவு திறந்திருந்துச்சு?"

விரலைக் காட்டினேன்.

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு மணி நேரம்."

"வெயில்லயா?"

"வெயில்லதான்."

குழியின் விளிம்பில் உட்கார்ந்தான். உதடு அசைந்தது. பாட்டில்களை எண்ணுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. நான்கு வருஷமாக எண்ணுகிறவன்.

"அப்போ நான் வச்ச ஐஸ் போதும்தானே?"

"போதும்ணா."

"போதும்தானே பாப்பா?" என்று மறுபடி கேட்டான். குரல் உடைந்திருந்தது. நான் அழுதேன். அவன் எழுந்து கறியைப் புதைத்து மேலே மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டான்.

மறுநாள் திரும்பும்போது அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் போய் மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டான். வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு தரம்கூடத் தட்டவில்லை. அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. எனக்குத்தான் கையும் காலும் நிலைகொள்ளவில்லை. கறி இல்லாத பெட்டி, உள்ளே கொஞ்சம் வெண்ணெயும் மிச்ச முட்டையும்தான். தெரிந்தும் ஆற்றைக் கடக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாக மாட்டித்தான் இருந்தது. இன்னொரு தரம் அழுத்தினேன்.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை.

"மூடித்தான் இருக்கு. வண்டிய எடு" என்றான்.