செங்கல் மேல் நின்ற சிவப்பு வண்டி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல்தான் வரும். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகப் பொருள்களைச் சரிபார்க்கிற வேலை எனக்கு, எந்தப் பழுதுக்கும் ஒரு காரணம் இருந்தே தீரும் என்று நினைக்கிறவள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் அந்தோணிக்குப் பழைய சாமான் என்றால் உயிர். அம்பாங்கானில் எங்கள் வீட்டு வாசலில் ஏற்கெனவே ஓடாத மோட்டார் சைக்கிள் இரண்டு நிற்கிறது, துணி காயப்போட இடமில்லை. இந்த லட்சணத்தில், லுக்குட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிடக்கிறதாம், வெள்ளைக்காரத் தொரை ஊருக்குத் திரும்பும்போது ஆபீஸில் கணக்கெழுதிய கிராணிக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம், கிராணியின் மகன் முனியாண்டி சும்மாவே தருகிறாராம், திங்கட்கிழமைக்குள் எடுக்காவிட்டால் பழைய இரும்பு லோரி ஏற்றிக்கொண்டு போய்விடுமாம் என்று ஒரு வாரம் என் உயிரை வாங்கினார். நேரில் பார்த்தே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் சனிக்கிழமை மத்தியானம் கூடப் போனேன்.

தகரக் கொட்டகைக்குள் செங்கல் அடுக்கி அதன் மேல் நிறுத்தியிருந்தார்கள். சக்கரம் இல்லை, மேல்கூரை இல்லை, இரண்டே இருக்கை. துரு தின்றது போக மிச்சம் சிவப்பு. அடித்தகடு ஓட்டையாகி அது வழியாகப் புல் எட்டிப் பார்க்கிறது. பேட்டரி இருந்த இடத்தில் எறும்புப் புற்று. இவர் கியரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. கிளட்ச்சை மிதித்தார், அதுவும் இறுகிக் கிடந்தது.

“இதையா சரி பண்ணப் போறீங்க?”

“பண்ணலாம் லா. நீ ஒரு தடவ உக்காந்து பாரு ஸ்டெல்லா, அப்புறம் வேணாம்னு சொல்லு.”

தொலைகிறது என்று இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அவர் வெளியே ரம்புத்தான் மரத்தடியில் நின்ற முனியாண்டியிடம் பேசப் போனார். போனவர் வரவே இல்லை. கொசு கடிக்கிறது, புழுக்கத்தில் முதுகெல்லாம் வேர்வை, எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் கிளட்ச் தானாகக் கீழே போனது. மெதுவாக, யாரோ மிதிக்கிற மாதிரி. கியர் முன்னால் நகர்ந்தது. கிளட்ச் மேலே வந்தது. மறுபடி கீழே போனது, கியர் பின்னால் வந்தது. சத்தமே இல்லை. என் முடி பின்பக்கமாகப் பறந்தது, மூன்று பக்கமும் அடைத்த கொட்டகைக்குள் எங்கிருந்து காற்று? இறங்கலாம் என்றால் கை கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பிறகு பிரேக் ஒரே மிதியாக இறங்கியது, நான் முன்னால் போய் நெற்றியை டேஷ்போர்டில் இடித்துக்கொண்டேன். நின்ற இடத்திலேயே நிற்கிற வண்டியில்!

நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். நெற்றியில் ரத்தம். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முனியாண்டி கியரை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

“அண்ணே, இந்த வண்டியில யாராச்சும் செத்தாங்களா?”

“இல்லம்மா. ஒரு சின்ன எக்சிடென் கூட ஆனதில்ல. தொர நல்லபடியாத்தான் ஊருக்குப் போனாரு.”

அப்படி யாராவது செத்திருந்தால்கூட எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதுவும் இல்லை.

இவர் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன், வீட்டு வாசலில் இறங்கும்போது “வண்டி வேணாம்” என்றார், அவ்வளவுதான். திங்கட்கிழமை லோரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரொட்டி சானாய் சாப்பிடும்போது கேட்டேன், அன்றைக்கு ஏன் என்னை அவ்வளவு நேரம் தனியாக விட்டீர்கள் என்று.

“நான் ரெண்டு தடவ திரும்பிப் பாத்தேன். நீ டிரைவர் சீட்டுப் பக்கம் திரும்பிப் பேசிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு இருந்த. சந்தோசமா இருக்கியேன்னு விட்டுட்டேன்.”

இதைச் சொல்ல மனுஷனுக்கு இரண்டு மாதமா? நன்றாகத் திட்டினேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நெற்றி இடித்துச் சத்தம் போடுகிற வரைக்கும் அந்த வண்டியில் நான் வாயையே திறக்கவில்லை. அப்படிச் சிரித்துச் சிரித்து யாரிடம் என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.