மாயாண்டி மண்டோரின் சப்பாத்து

துரை நிற்கும் இடத்தில் தோட்டத்து ஆள் எவனும் காலில் செருப்போ சப்பாத்தோ போட்டிருக்கக் கூடாது. மாயாண்டி மண்டோருக்குக் கொள்கை என்று இருந்தது இது ஒன்றுதான். மலாயாவில், கோலா சாவாவுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் இப்படி ஒரு சட்டத்தை எந்தத் துரையும் எழுதி வைத்ததில்லை. மாயாண்டியின் அப்பா கங்காணியாக இருந்து அதைக் காப்பாற்றினார். மகன் ஆட்களை மேய்க்கும் மண்டோராகி அதை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒருமுறை பால்மரம் வெட்டும் வீரமுத்து சிலிப்பரோடு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டான். மாயாண்டி அதைக் கழற்றச் சொல்லி, கைத்தடியால் தூக்கிச் சாக்கடையில் போட்டார். துரை அப்போது உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அவசர காலத்தின் பிற்பகுதி அது. தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, கேட்டில் காவல். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோற்றைக்கூட விடமாட்டார்கள். பெரிய மண்டோர் வேலையை விட்டு ஊருக்குக் கப்பலேறியிருந்தார். அந்த இடம் காலி. பெரிய மண்டோருக்குத் தனி வீடு. வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். இனிமேல் வாளியோடு பொதுக் குழாயடியில் நிற்க வேண்டியதில்லை என்று மாயாண்டி தன் மனைவி மங்கம்மாவிடம் சொல்லிவிட்டார். மங்கம்மா அதைக் குழாயடியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

துரையிடம் ஒரு மடக்குப் படகு இருந்தது. கித்தான் போர்த்தியது, இரண்டு பேர் உட்காரலாம். மழைக்காலம் நன்றாக இறங்கி லிங்கி ஆறு நிரம்பிய பிறகு படகு விடுவதுதான் வழக்கம். துரைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஐப்பசியில் இரண்டு மழை பெய்ததுமே மாயாண்டியைக் கூப்பிட்டார். துரைக்குத் தமிழ் தெரியும். கட்டளைகள் மட்டும்.

"ஞாயித்துக்கெழம காலையில வா. சம்பான்ல போறோம். சாமான் கொஞ்சம் போதும். சப்பாத்து போடு."

மாயாண்டி மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"எதுக்காம்? துடுப்பு போடவா?" என்றாள் மங்கம்மா.

"ஒனக்கு என்னாடி தெரியும்? பக்கத்துல ஒக்கார வச்சுப் பேசத்தான். பெரிய மண்டோர் வேலயப் பத்தி ஆபீஸ்ல பேச முடியுமா? கணக்கெழுதுற கிராணிக்குப் பாம்புக் காதுலா."

"பேசுறதுக்கு எதுக்குச் சப்பாத்து?"

அந்தக் கேள்வி அவரையும் குடைந்தது. போட்டால் மரியாதை கெடும். போடாவிட்டால் துரை சொல்லைத் தட்டியதாகும். எந்தச் சப்பாத்து என்பது அடுத்த தலைவலி.

"கித்தான் சப்பாத்து வாங்குங்க. நனஞ்சாலும் காஞ்சிடும்."

"காட்டுக்காரன் போடுறதுடி அது! ஆத்தோரத்துல அந்தத் தடத்தப் பாத்தான்னா, போலீஸ்காரன் நாயோட வந்து நம்ம வாசல்ல நிப்பான்."

பஸ் ஏறிச் சிரம்பானுக்குப் போனார். அங்கே தெமியாங் பக்கம் ஒரு சீனர் கடையில் பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட தோல் சப்பாத்து கிடைத்தது. அடியில் இரும்பு ஆணி. ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம். படகில் கால் வைக்க அதைவிட மோசமான ஒன்றைத் தேடினாலும் கிடைத்திருக்காது. ஆனால் பளபளத்தது.

சாமானை மங்கம்மா கட்டினாள். கம்பளி, குடை, தேங்காயெண்ணெய், மாற்றுக் கைலி, எலுமிச்சை ஊறுகாய், விபூதி, நெத்திலி சம்பலோடு ஒரு பொட்டலம் சோறு.

"கொஞ்சம்னு சொன்னாருடி."

"இது கொஞ்சந்தானே? அம்மிய வைக்கலயே."

கம்பளியையும் குடையையும் எண்ணெயையும் அவர் எடுத்தார். மீதியைக் கேட்டில் நின்ற மலாய்க் காவலர் குறைத்தார். பொட்டலத்தை அமுக்கிப் பார்த்து, "நாசி தா போலே லா, மண்டோர்," சோறு வெளியே போகக் கூடாது என்று அதை எடுத்து வைத்துக்கொண்டார். ஊறுகாயை முகர்ந்து பார்த்து அதையும் எடுத்தார். கைலியும் விபூதியும் தப்பின. அடுத்த நிமிஷம் துரையின் கார் வந்தது. பின் இருக்கையில் ரொட்டி, டின் இறைச்சி, பீர் என்று ஒரு கூடை. காவலர் சலாம் வைத்துக் கேட்டைத் திறந்தார். டின் இறைச்சியைக் காட்டிலிருப்பவர்கள் தொடமாட்டார்கள் போலிருக்கிறது.

ஆற்றங்கரைவரை மாயாண்டி சப்பாத்தோடுதான் நடந்தார். துரையின் தலை தெரிந்ததும் கைகள் தாமாகவே கீழே போய்க் கயிற்றை அவிழ்த்தன. இரண்டையும் சேர்த்து முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்.

"சப்பாத்து?" என்றார் துரை.

"இருக்கு தொரை," என்று மார்பில் தட்டிக் காட்டினார்.

துரை தோளைக் குலுக்கிவிட்டுப் படகில் ஏறினார். அவர் காலில் கிடந்தது பழைய கித்தான் சப்பாத்து.

முதல் வளைவுவரை துரை ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல சேதியை மெதுவாகத்தான் சொல்வார்கள் என்று மாயாண்டி காத்திருந்தார். வளைவு தாண்டியதும் ஆறு முழங்காலளவாகச் சுருங்கியது. படகு மணலில் அமர்ந்தது.

"எறங்கு. தள்ளு," என்றார் துரை.

வேலையைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான். ஏன் கூப்பிட்டார், ஏன் சப்பாத்து என்றார் என்பதெல்லாம் மாயாண்டிக்கு விளங்கியபோது அவர் தண்ணீருக்குள் குதித்துவிட்டிருந்தார். சேற்றுக்குள் வெட்டுப்பட்ட மூங்கில் கட்டை ஒன்று இருந்தது. அது உள்ளங்காலில் ஏறியது. அவர் போட்ட சத்தத்தில் அக்கரையில் கொக்குகள் எழுந்தன.

துரை ஆங்கிலத்தில் திட்டினார். ஆங்கிலத்தில் அவருக்குக் கட்டளை தவிர மற்றதெல்லாம் வந்தது. பிறகு மாயாண்டியை இழுத்துப் படகில் போட்டு, மாற்றுக் கைலியைக் கிழித்துக் காலைக் கட்டினார்.

"சப்பாத்து போடு. இறுக்கிக் கட்டு."

"தொரை முன்னால எப்படி தொரை..."

"போடு!"

போட்டார். துரை இறங்கினார். மழையில் போன நாளுக்கு ஈடாக அன்று ஞாயிற்றுக்கிழமையும் பால் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வாளிகளோடு கரைக்கு வந்த வீரமுத்துவும் வள்ளியம்மாவும் கண்டது இதைத்தான்: துரை முதுகை வளைத்து, மூச்சு வாங்க, படகைத் தள்ளுகிறார். படகில் பளபளக்கும் சப்பாத்தோடு மாயாண்டி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

"இதுல தொரை யாருண்ணே?" என்று வள்ளியம்மா கேட்டாள்.

"சப்பாத்து பளபளக்குது பாரு, அவருதான் தொரை," என்றான் வீரமுத்து. "தள்ளுறது புது மண்டோர் போல."

துரைக்குக் கட்டளை தவிர வேறு தமிழும் கொஞ்சம் புரியும் என்பதை அவருடைய பிடரி சிவந்ததிலிருந்து மாயாண்டி தெரிந்துகொண்டார்.

பெரிய மண்டோர் வேலை இன்னொரு மண்டோரான நல்லசாமிக்குப் போனது. அவர் சிரம்பானுக்குப் போகும் பஸ்ஸைத் தவிர எதிலும் ஏறியவர் இல்லை. குழாயடியில் மங்கம்மாவுக்குப் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "தொரையம்மா, நீங்க மொதல்ல புடிங்க." மங்கம்மா வீட்டுக்கு வந்து வாளியை வைத்த சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது.

புண் ஆறும்வரை சப்பாத்து இல்லாமல் நடக்கக் கூடாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் சொல்லிவிட்டார். சம்பள நாளன்று மாயாண்டி அதோடுதான் ஆபீஸ் வாசலில் நின்றார். வீரமுத்து வந்தான். காலில் புதுச் சிலிப்பர். மாயாண்டியின் கைத்தடி பழக்கத்தில் மேலே எழுந்தது.

"கழட்டுறேன் மண்டோரே," என்றான் வீரமுத்து. "மொதல்ல நீங்க கழட்டுங்க. பெரியவங்கல்ல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த நேரம் துரை வெளியே வந்தார். இருவருக்கும் நடுவில் நடந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, காரில் ஏறிப் போனார். யாருடைய காலையும் அவர் பார்க்கவில்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை.

புண்பட்ட கால் வலித்தது. மாயாண்டி கைத்தடியைத் தரையில் ஊன்றி, வீரமுத்துவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.